சாயங்கால வெளிச்சத்துக்கு ஒரு ஸ்கோப்

செவ்வாய்க்கிழமை காலை கைபேசியில் சேவியரின் பெயரைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. "ஏனுங்க டாக்டர், ஸ்டெல்லா போயிட்டாங்க. கையப் புடிச்சுட்டுத்தான் உக்காந்திருந்தேனுங்க. வலியில்லாமப் போயிட்டாங்க" என்றார். அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதிப் பெருமூச்சு. மனைவியை இழந்த அந்த மனிதரின் குரலிலும் அதுவே இருந்தது. எலும்புவரை பரவிய புற்றுநோயோடு ஸ்டெல்லா பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் எங்களைத் தவறாக எண்ணமாட்டார்கள்.

டாக்டர் ஸ்டெல்லா வனவிலங்குகளுக்கான கால்நடை மருத்துவர். ஊருக்குள் வந்துவிடும் சிறுத்தையையும் காட்டெருமையையும் மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பத்திரமாகக் காட்டில் விடுவது அவர் பணி. கோவையில் அதே பணியில் நானும் பல ஆண்டுகள் அவருடன் இருந்தேன். ஜீப் கிளம்புமுன் சிலுவை போட்டுக்கொள்வார். அடுத்த நொடியே, வழியில் எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்று ஓட்டுநரிடம் விசாரிப்பார்.

ஒரு மழைக்காலத்தில், மயக்க ஊசித் துப்பாக்கியில் குறி பார்க்கும் ஸ்கோப்புக்குள் ஈரம் புகுந்து கண்ணாடி மங்கிவிட்டது. புதிது வாங்கப் போனோம். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று மலிவு, தூரத்தில் இருப்பதை மிகப் பெரிதாகக் காட்டும், உள்ளே சிவப்பு, பச்சை விளக்கெல்லாம் எரியும். மற்றது பல மடங்கு விலை. பார்வைக்கு வெறும் கறுப்புக் குழாய். மலிவானதை வாங்கினால் மிச்சத்தில் புது வலை வாங்கலாம் என்றேன்.

ஸ்டெல்லா இரண்டையும் இரவலாக வாங்கிவந்தார். பொழுது சாயும்வரை காத்திருந்து, அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த வேப்பமரத்தடியை இரண்டிலும் பார்க்கச் சொன்னார்.

"இந்தக் கறுப்புக் குழாயில ஒரு கோழி படுத்திருக்குதுங்களா? அதுல கோழியே இல்லீங்க. நாம சுடறதே பக்கத்துல நின்னுதானுங்களே. பெருசாத் தெரிய வேண்டாமுங்க, தெளிவாத் தெரியணும். ஜீப்புல குலுங்கிப் போய் எறங்கறப்ப குறியும் நகர்ந்திருக்கக் கூடாதுங்க."

"அப்ப வலை?"

"கிழிஞ்சதத் தைச்சுக்கலாமுங்க."

மேலிடத்தில் வாதாடி விலை கூடியதையே வாங்கினார். கிழிந்த வலையை அவரே உட்கார்ந்து தைத்தார்.

அடுத்த மழைக்காலத்தில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கொப்பரைக் கிடங்குக்குள் சிறுத்தை புகுந்தது. காவலாளி பின்வாசல் வழியாக ஓடித் தப்பிவிட்டார் என்று ஊரார் சொன்னார்கள். நாங்கள் போனபோது வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா ஜன்னல் வழியாகக் குறி வைத்தார். மூட்டை அடுக்குக்கு முன்னால் சிறுத்தை பக்கவாட்டில் நின்றது. இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது. வெளியே கூட்டம், "சுடுங்கம்மா!" என்று கத்தியது.

ஸ்டெல்லா விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டார். "டாக்டர், மூட்டைக்குப் பின்னால ஒரு கால் தெரியுதுங்க."

நானும் பார்த்தேன். என் வெறும் கண்ணுக்கு இருட்டுதான் தெரிந்தது. குறி தப்பினால் சிறுத்தைக்கான மருந்து அந்த மனிதரின் உடம்பில் ஏறி உயிரையே பறித்துவிடலாம். காத்திருந்தாலோ, சிறுத்தை எந்நேரமும் அவர்மேல் பாயலாம். கூட்டத்தை அடக்கச் சொல்லிவிட்டு ஸ்டெல்லா அசையாமல் நின்றார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியும் துடைக்கவில்லை. ஒருவழியாகச் சிறுத்தை நகர்ந்து எதிர்ச் சுவரோரம் போனது. ஊசி அதன் தொடையில் தைத்தது. உறுமியது, சில நிமிடங்களில் தள்ளாடியது, படுத்துவிட்டது.

உடம்பெல்லாம் கொப்பரைத் தூளோடு காவலாளி தவழ்ந்து வந்தார். "அம்மணி, நான் உசுரோடதான் இருக்கறனுங்களா?"

"இருக்கீங்கண்ணா. வாங்க, டீ குடிக்கலாம்" என்று சிரித்தார் ஸ்டெல்லா.

திரும்பும்போது ஜீப்பில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "அந்தக் கால் மட்டும் தெரியாமப் போயிருந்தா சுட்டுப்போட்டிருப்பேனுங்க" என்று மட்டும் சொன்னார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

கல்லறைத் தோட்டத்தில் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். நோய் வந்தபின் நெற்றியில் நிலைத்துவிட்டிருந்த சுருக்கம் மறைந்திருந்தது. மண் போட்டுக்கொண்டிருக்கும்போதே, அவர் இடத்துக்கு வந்திருக்கும் மருத்துவரின் கைபேசி அடித்தது. ஏதோ தோட்டத்துக்குள் காட்டெருமையாம். "வாரோமுங்க, கிட்டப் போகாதீங்க" என்றபடியே கைப்பிடி மண்ணை இட்டுவிட்டு அந்தப் பெண் ஜீப்பை நோக்கி ஓடினார்.

அழைப்புகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், டாக்டர். நீங்கள் நிம்மதியாக உறங்குங்கள்.