ஐம்பத்தெட்டு கிலோவுக்கான ஸ்பிரிங்

லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்குத் தரையில் கால் பதிந்திருந்தால் போதும். மலைச்சரிவில் சைக்கிளோடு பாய்ந்து இறங்கும் பைத்தியமெல்லாம் அவன் மனைவிக்குத்தான். பள்ளி வேன் ஓட்டும் அவள், தனக்கென்று ஒரு சைக்கிளை ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள். பிரேக் லீவர் தன் குட்டை விரல்களுக்கு எட்டுமா என்று மூன்று கடைகளில் அழுத்திப் பார்த்தாள். ஃப்ரேம், ஃபோர்க், தடித்த டயர்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. பின்பக்க ஸ்பிரிங் மட்டும் மிச்சமிருந்தபோது நோயில் விழுந்தாள்.

"அதையும் வாங்கிட்டு வந்துடுங்க. முழுசா ஒரு தடவை பாக்கணும்," என்றாள் படுக்கையிலிருந்து.

கடைக்காரர், "ஓட்டுறவங்க எடை எவ்வளவு சார்? அதுக்கேத்த ஸ்பிரிங் போட்டாத்தான் குதிக்கும்போது தாங்கும்," என்றார்.

அன்று காலைதான் மருத்துவமனையில் எடை பார்த்திருந்தார்கள். முப்பத்தொன்பது.

"ஐம்பத்தெட்டு," என்றான்.

ஸ்பிரிங்கை மாட்டி, கூடத்தில் சைக்கிளை நிறுத்தி, அவளைத் தாங்கிப் பிடித்து உட்காரவைத்தான். ஸ்பிரிங் பேருக்குத்தான் அமுங்கியது. அவள் குனிந்து பார்த்தாள்.

"பழைய எடையைச் சொன்னீங்களா?"

அவன் தலையசைத்தான்.

"நல்லவேளை," என்றவள் அவன் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள். நோய் வந்த பிறகு அவள் அழுது அன்றுதான் பார்த்தான்.

அடுத்த மாதம் அவள் போய்விட்டாள். சைக்கிளை விலைக்குக் கேட்டு வந்தவர்களிடம் அவன் முடியாது என்றான். ஞாயிறுதோறும் டயர்களுக்குக் காற்றடித்து வைக்கிறான்.