சிவப்பு ஊசியைத் தேடிய காலம்

தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் தீவில், ஜார்ஜ் டவுன் ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு மைக்ரோஸ்கோப் வேலை. என் மனைவிக்கு ரத்தப் புற்றுநோய் என்பதை முதலில் கண்டதும் நான்தான். ஸ்லைடு முழுக்க முதிராத வெள்ளணுக்கள். அவற்றுக்குள் சிவப்பாய் ஊசி ஊசியாய் ஏதோ. நல்ல அணுவில் அந்த ஊசி இருக்காது.

டாக்டர் புதிதாக வந்த ஒரு கேப்சூலைக் கொடுத்தார். வைட்டமின் ஏ வகை மருந்து. கோளாறான ஒரு புரதம் இந்த அணுக்களை வளரவிடாமல் பூட்டி வைத்திருக்கிறது, மருந்து நேரே அந்தப் பூட்டைத் திறக்கும், வளர்ந்த அணு சில நாளில் தானாகவே செத்துவிடும் என்றார்.

"வளர மாட்டேன்னு உக்காந்து சாப்புடுற ஆளுங்களா? அப்ப உங்க தம்பிக்கும் ரெண்டு வாங்குங்க லா" என்றாள் என் மனைவி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சில நாட்களில் வெள்ளணு எண்ணிக்கை குறைவதற்குப் பதில் கிடுகிடுவென்று ஏறியது. கடலுக்கு அக்கரையில் செபராங் ஜெயாவிலிருந்து அவள் அண்ணன் காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"மருந்து கேக்கல மாப்புள. கெரேத்தா கீழ நிக்குது. தங்கச்சிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். கடைசிக் காலத்துல அவளுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?"

சரியென்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. எண்ணிக்கையை மட்டும் பார்க்காதே, ஸ்லைடைப் பார்த்துவிட்டு வா என்றார் டாக்டர். எரிச்சலோடு போனேன்.

ஸ்லைடில் நன்றாக முதிர்ந்த வெள்ளணுக்கள் இருந்தன. எங்கிருந்து வந்தன இவை? ஒன்றை உற்றுப் பார்த்தேன். உள்ளே அதே சிவப்பு ஊசி. அடப்பாவி, நீயா? நேற்றுவரை வளர மறுத்த அதே போக்கிரி. இன்னொன்றிலும் ஊசி. கூட்டம் கூட்டமாக வளர்ந்து வெளியே வருவதால்தான் எண்ணிக்கை ஏறியிருக்கிறது. வளர்ந்துவிட்டால் அவற்றின் கதை முடிந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மச்சானை இழுத்துவந்து மைக்ரோஸ்கோப்பில் குனியவைத்தேன்.

"ஒண்ணும் புரியல மாப்புள."

"புரிய வேணாம். கெரேத்தாவத் திருப்புங்க."

பிறகு கீமோவும் சேர்ந்தது. ஊசி வைத்திருந்த அணுக்கள் சுருங்கி, உள்ளே துண்டு துண்டாய் உடைந்து, குறைந்துகொண்டே வந்தன. ஒருநாள் காலை எவ்வளவு தேடியும் ஓர் ஊசிகூடக் கிடைக்கவில்லை. வார்டுக்கு ஓடினேன்.

"ஊசி ஒண்ணுகூட இல்ல" என்றேன்.

"வீட்டுச் சாவியத் தேடுற மாதிரி தேடுனீங்களா, இல்ல ஒழுங்காத் தேடுனீங்களா?"

அவள் கட்டிலில் தலையைச் சாய்த்து நான் அழுதேன். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும் மச்சானின் கெரேத்தா மறுபடி கீழே வந்து நின்றது. இந்த முறை கதவை நானே திறந்துவிட்டேன்.