நினைவுக்கல்லின் மேல் ஒட்டிய நோட்டீஸ்

என் தம்பி முள்ளிவாய்க்காலில் செத்துப்போனான். ஒவ்வொரு மே மாதமும் நினைவு நாளுக்கு முன், இறந்தவர்களின் படங்கள் போட்ட நோட்டீஸை, பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலில் ஒட்டுவது என் வேலை. அந்த வருடம் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் கடைச் சுவர்களெல்லாம் நிரம்பிவிட்டன. மிஞ்சியது ஒரு பள்ளிக்கூடச் சுவர். அதில் ஒரு கறுப்புக் கல் பதித்திருந்தார்கள். அங்கே படித்த, நாசிகள் கொண்டுபோய்க் கொன்ற யூதப் பிள்ளைகளின் நினைவுக்கல்.

"மச்சான், இதிலை ஒட்டாதை" என்றான் கூட வந்த நண்பன்.

"யூதருக்கு அழுறதுக்கு முழு உலகமும் இருக்கு. எங்களுக்கு ஆர் இருக்கினம்? நீ பசையைத் தா."

ஒட்டினேன்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது, வயதான ஒரு பெண்மணி போத்தல் தண்ணீரால் அந்த நோட்டீஸை நனைத்து, நகத்தால் மெல்ல மெல்ல உரித்துக்கொண்டிருந்தார். சண்டைக்குத் தயாராகத்தான் கிட்டப் போனேன்.

"கிழிக்க மனம் வரவில்லை. இதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று பிரெஞ்சில் சொல்லி, ஈரத்தாளை இரண்டு கையாலும் நீட்டினார். "உங்களுடையவர் யாராவது இருக்கிறாரா?"

படத்தைத் தொட்டு, "தம்பி" என்றேன். பெயரைக் கேட்டார். சொன்னேன். பிழையில்லாமல் சொல்ல இரண்டு தரம் முயன்றார். பிறகு கைக்குட்டையால் கல்லைத் துடைத்தபடி, "என் அக்கா இங்கேதான் படித்தாள்" என்றார்.

ஒட்டியது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்துவிட்டேன்.

இப்போது லா சப்பல் கடைகளில் யாராவது யூதரை இளக்காரமாகப் பேசினால் நான் விடுவதில்லை. ஆனால் அந்தப் பெண்மணியின் அக்காவின் பெயரை அன்று நான் கேட்கவில்லை. என் தம்பியின் பெயர் அவருக்குத் தெரியும்.