அத்தாரிட்டியின் அசல் சுருட்டு

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் டைல்ஸ் கம்பெனியில் விற்பனை மேலாளரான அவரை எல்லோரும் 'அத்தாரிட்டி' என்றுதான் சொன்னார்கள். சுவரில் ஏன் ஈரம் ஊறுகிறது என்பது முதல் மூட்டுவலிக்கு எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டும் என்பது வரை, கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

ஒரு கண்காட்சிக்காகக் கம்பெனி அவரை வெளிநாடு அனுப்பியது. மனைவியும் கூடப் போனார். அப்போது கம்பெனியில் பொதுமேலாளர் நாற்காலி காலி. முதலாளியோ சுருட்டுப் பிரியர். இரண்டையும் முடிச்சுப்போட அத்தாரிட்டிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

உலகத்திலேயே உசத்தியான சுருட்டு என்று பெயரெடுத்த ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டுச் சரக்குக்கு இங்கே முழுத் தடை. மற்ற நாட்டுச் சுருட்டு என்றால் ஆளுக்கு ஒரு பெட்டி கொண்டுவரலாம். மனைவி இதை நினைவுபடுத்தினார்.

"அந்த நாட்டுல வாங்கினாத்தாண்டி தடை. நாம வாங்கறது வேற நாட்டுல. சட்டத்தைப் படிக்கத் தெரியணும்."

"நீங்க படிச்சீங்களா?"

"படிக்கணும்னு என்ன இருக்கு? பொது அறிவு."

ஓட்டலுக்குப் பின்னால் ஒரு சந்தில், தொப்பி போட்ட ஆசாமி ஒருவன் அவரை ஓரங்கட்டி, தன் ஒன்றுவிட்ட அண்ணன் அந்தச் சுருட்டுத் தொழிற்சாலையிலேயே வேலை செய்வதாகக் காதோடு காதாகச் சொன்னான். தொழிற்சாலை கடல் தாண்டி இருக்கிறதே என்று கேட்க அத்தாரிட்டிக்குத் தோன்றவில்லை. ஒரு சுருட்டை எடுத்துக் காதருகே உருட்டிப் பார்த்தார். கண்களை மூடி மோந்தார். அதற்கு முன் ஊதுவத்தியைத் தவிர வேறெதையும் அவர் அப்படி மோந்ததில்லை. "அசல்!" என்று தீர்ப்புச் சொல்லி, பேரம்கூடப் பேசாமல் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

ஊர் திரும்பியபோது விமான நிலையச் சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மேசைக்குப் பின்னால் நடுவயதுப் பெண் அதிகாரி. அவர் தலைக்கு மேலேயே பெரிய பலகை: 'தடைசெய்யப்பட்ட நாட்டுச் சரக்கு: எந்த நாட்டில் வாங்கியிருந்தாலும், அன்பளிப்பாகப் பெற்றிருந்தாலும் தடை பொருந்தும்.' படித்ததும் அத்தாரிட்டி மனைவி நின்ற பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொண்டார்.

அதிகாரி ஒரு சுருட்டை எடுத்து அதன் காகித வளையத்தை வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு அதை இரண்டாக ஒடித்தார். உள்ளேயிருந்து தூளும் துரும்பும் மேசையில் கொட்டின.

"சார், உங்களை யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க. இது அந்த நாட்டுச் சுருட்டே இல்ல. வளையத்துல அவங்க நாட்டுப் பேரையே தப்பா அச்சடிச்சிருக்கான் பாருங்க."

மனைவி குனிந்து பார்த்தார். "ஆமாங்க, ஒரு எழுத்தையே காணோம்."

"அப்ப தடையில வராது. ஒரு பெட்டிதானே, எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க சார்" என்றார் அதிகாரி.

வேறு யாராவது என்றால் கும்பிடு போட்டுவிட்டு ஓட்டமெடுத்திருப்பார்கள். அத்தாரிட்டியின் முகமோ சிவந்துவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரிப்பது காதில் விழுந்தது.

"மேடம், யாரைப் பார்த்து ஏமாந்தவன்ங்கறீங்க? இது அசல். நானே மோந்து பார்த்து வாங்கினது."

"என்னங்க, வாயை மூடிக்கிட்டு வாங்க."

"நீ சும்மா இரு. அசல்னா அசல்தான்!"

அதிகாரி பேனாவை எடுத்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். அசல்னு நீங்களே சொன்னா, பறிமுதல் பண்ணணும், அபராதமும் உண்டு. போலின்னா வீட்டுக்குப் போகலாம்."

அத்தாரிட்டி யோசிக்கவே இல்லை. "பறிமுதல் பண்ணுங்க!" என்றார், பட்டம் வாங்குகிறவரைப் போல.

அபராதத்தைக் கட்டினார்கள். வாடகைக் காரில் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவர், வீடு வரை திரும்பவே இல்லை. ஒரு தடவை மட்டும் அவர் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அத்தாரிட்டி, "விடு, போனாப் போகுது" என்று தேற்றினார். அழுகையில்லை என்பது டிரைவருக்குக் கண்ணாடியில் தெரிந்தது.

மறுநாள் அலுவலகத்தில் கதை வேறு உருவெடுத்தது. அவ்வளவு உயர்ந்த சரக்காம். அதிகாரிகளே கை நடுங்கத் தொட்டார்களாம். சட்டத்தை மதித்து இவரே ஒப்படைத்துவிட்டாராம். முதலாளி முழுவதையும் கேட்டுவிட்டு, "நான் சுருட்டை விட்டு மாசக்கணக்காச்சேய்யா. டாக்டர் கண்டிச்சுட்டார்" என்றார். பிறகு சற்று யோசித்து, "சட்டத்து மேல இவ்வளவு மரியாதை இருக்கற ஆளு நமக்கு வேணுமே!" என்று தோளில் தட்டினார்.

பொதுமேலாளர் நாற்காலி முதலாளியின் மருமகனுக்குப் போனது. அத்தாரிட்டியைத் துறைமுகத்துக்கு மாற்றினார்கள். இறக்குமதியாகும் பளிங்குக் கற்களுக்குச் சுங்க அனுமதி வாங்கித்தரும் வேலை. மின்விசிறி இல்லாத நீண்ட வராந்தாவில், மரப்பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் காத்திருப்பவர்களுக்கெல்லாம் சுங்கச் சட்டத்தை விளக்குகிறார். குமாஸ்தாக்கள் இவரைக் கண்டதும் வேறு வழியாகச் சுற்றிப் போகிறார்கள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். மாலையில் தொண்டை கட்டிப்போய்த்தான் வீடு திரும்புகிறார். மனைவிக்கு அதில் எந்தக் குறையும் இல்லை.