செயற்கைக்கால் அளவெடுக்க ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்த கதை

முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவர்கள் செயற்கைக்காலுக்கு அளவு கொடுக்கப் போவதாக இருந்தால், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். நான் ஒன்றும் தெரியாமல் போய், ஒன்றும் புரியாமல் திரும்பியவன்.

1993, ஆனி மாதம். லாரி ஏறி என் இடது கால் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. தையல் பிரித்து, காயம் ஆறி, தோலும் மூடிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசமாக அளவெடுக்கிறார்கள் என்றார்கள். கால் வந்தால்தான் நான் மறுபடி தறியில் நிற்க முடியும். நானும் என் மனைவி செல்வியும் காலை ஏழே காலுக்கு ராஜபாளையத்தில் பஸ் ஏறினோம். பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம், ஆளுக்கு இரண்டு ரூபாய்.

இறங்கும்போது இல்லாத காலை ஊன்றப் போனேன். கால் இருப்பதாகவே இந்த உடம்பு நம்புகிறது, என்ன செய்ய? சில நேரம் கட்டைவிரல் அரிக்கும், எங்கே போய்ச் சொறிவது? "ஏலே, அண்ணனப் புடிங்கலே!" என்று கண்டக்டர் கத்துவதற்குள் செல்வி என் இடுப்பைப் பிடித்துவிட்டாள். மண்டபம் ஒரு கிலோமீட்டர். ரிக்‌ஷா வைத்துக்கொள்ளுங்கள். நான் வீம்புக்கு ஊன்றுகோலில் நடந்து அக்குளைப் புண்ணாக்கிக்கொண்டேன்.

அளவெடுப்பவர் என் காலில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பிரித்துப் பார்த்தார். கால் மேலே ஒடுங்கி, நுனியில் சுரைக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"யாரும்மா கட்டுனது?"

"நாந்தான். நாங்க பேண்டேஜ் துணி நெய்யிற ஆளுகல்லா. எங்க தறித் துணிதான்" என்றாள் செல்வி, பெருமையாக.

எங்கள் தெரு முழுக்க அந்தத் தறிகள்தான். எங்களுக்குத் தெரியாத கட்டா என்று யாரிடமும் நாங்கள் கேட்கவே இல்லை.

"அது புண்ணுக்குக் கட்டுறதும்மா. புண்ணுதான் ஆறிருச்சே. இப்ப வீக்கத்துக்குக் கட்டணும், இழுத்தா நீளுற துணியில. நுனியில இறுக்கி, மேல போகப் போகத் தளர்த்தணும். நீங்க தலைகீழாக் கட்டியிருக்கீக. வீக்கம் வத்தாம அளவெடுத்தா, பொறவு கால் லொடலொடன்னு ஆடும். ஆறு வாரம் கழிச்சு வாங்க."

ஆறின காலுக்கு எதற்குக் கட்டு? ஊருக்கெல்லாம் கட்டுத் துணி அனுப்புகிற எங்கள் வீட்டிலேயே கட்டு தப்பா? "தெரியாட்டி எதுக்குட்டி கட்டுன?" என்று எல்லார் முன்னாலும் அவள்மேல் எரிந்து விழுந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து, அவரை மூன்று தடவை கட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அங்கே சொன்னவை உங்களுக்கும் உதவும். கட்டை ஒரு நாளில் பல தடவை பிரித்துக் கட்ட வேண்டும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள், சுகமாகத்தான் இருக்கும், ஆனால் முழங்கால் மடங்கியே நின்றுவிடும். முக்கியமாக, போன அன்றே கால் கையில் கிடைக்காது. எனக்கு மூன்றாவது பயணத்தில்தான் கிடைத்தது.

அன்று காலையில் கிளம்பும்போது அது எங்கள் இருவருக்கும் தெரியாது. திரும்பும் பஸ்ஸில் தண்ணீர் எடுக்க அவள் பைக்குள் கையை விட்டேன். பேப்பரில் சுற்றிய ஒற்றைச் செருப்பு. என் இடது கால் செருப்பு.

"இன்னைக்கே மாட்டி விட்டுருவாகன்னு நெனச்சேன்" என்றாள். "ஒத்தச் செருப்போட உங்கள எப்படி நடத்திக் கூட்டிட்டு வாரது?"