பாம்புப் பெட்டிக்கு நான் ஒட்டிய டேப்

துறைமுகத்தில் கண்டெய்னர்களுக்குப் பூச்சிப்புகை போடுவது என் தொழில். புகை போட்டபின் காற்றாட விட்டு, நச்சுவாயு மீட்டர் பார்க்காமல் ஒருவரையும் கதவருகே அண்ட விடமாட்டேன். அப்படிப்பட்ட நான்தான் அந்த மடத்தனத்தைச் செய்தேன்.

முறையாகப் பதிவு செய்து வீட்டில் வளர்க்கும் என் வெளிநாட்டு மலைப்பாம்பின் செதிலிடுக்கில், கடுகைவிடச் சிறிய உண்ணிகள் ஓடின. கடையில் வாங்கிய உண்ணி மருந்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடித்து, கண்டெய்னர் கதவிடுக்கை அடைக்கும் தொழில் பழக்கத்தில் மூடியைச் சுற்றி டேப்பும் ஒட்டினேன். பாம்பு உள்ளேயே இருந்தது.

அரை மணி நேரத்தில் அது தலை நடுங்கி மல்லாந்துவிட்டது. பதறிப்போய்க் கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"ஏன் அண்ணாச்சி, ஆள உள்ள வச்சிக்கிட்டா கண்டெய்னருக்குப் புகை போடுவிய? மொதல்ல வெளிய எடுத்து வெதுவெதுப்பான தண்ணியில கழுவுங்க. காத்தோட்டமா வச்சி உடனே இங்கன கொண்டாங்க."

சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள், அது நாக்கை நீட்டி என் விரலைத் தொட்டது. அழுதுவிட்டேன்.

அடுத்த முறை டாக்டரம்மா சொன்ன மருந்தை, சொன்ன அளவில்தான் அடித்தேன். பாம்பையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் முதலிலேயே வெளியே எடுத்துவிட்டேன். பெட்டி நன்றாகக் காய்ந்து வாடை போனபிறகே பாம்பை உள்ளே விட்டேன்.

இப்போதெல்லாம் கண்டெய்னர் கதவைச் சாத்துமுன், சோதித்தாயிற்று என்று தெரிந்தும், "உள்ள யாரும் இருக்கியளா?" என்று ஒரு சத்தம் கொடுக்கிறேன்.