நிழலுக்கு வாரண்டி கிடையாது

சோலார் வாட்டர் ஹீட்டர் சர்வீஸ் என்பது, சூரியன் செய்கிற தப்புக்கெல்லாம் மனுஷன் திட்டு வாங்கும் தொழில்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் பெங்களூரில் அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டை கட்டிய சேல்ஸ்மேன் முதலில் போய், "வருஷம் முழுக்க வெந்நீர், ஓசியில்" என்று அளந்துவிட்டு வருவான். பின்னாலேயே ஸ்பானரும் கையுமாக நான் போய் வாங்கிக் கட்டிக்கொள்வேன். யாரோ கொடுத்த வாக்குக்கு நீங்களும் தினம் பதில் சொல்லிக்கொண்டிருப்பவரானால், என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

முதல் பீரியட்

லிங்கராஜபுரத்தில் ஸ்டெல்லா டீச்சர் என்று ஒருவர். கணவருக்குப் பக்கவாதம், படுத்த படுக்கை. காலையில் அவரை வெந்நீரில் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்துவிட்டுத்தான் டீச்சர் பஸ் பிடிக்க வேண்டும். கீசர் இருந்தது, ஆனால் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கரண்ட் போகும். அடுப்பில் அண்டா வைத்து அது சுடுவதற்குள் பஸ் போய்விடும். இன்னும் லேட்டானால் வேலைக்கே வரவேண்டாம் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லியாகிவிட்டது.

டீச்சர் வீட்டு மொட்டைமாடியில் சோலார் பேனலை நானே மாட்டினேன். மறைக்க ஒரு தென்னங்கீற்றுகூட இல்லை. மறு வாரம் போனபோது, கல்யாணமே ஆகாத என்னை டீச்சர் வாயார வாழ்த்தினார்: "இப்பதான் தம்பி முதல் பீரியடுக்கு டைமுக்குப் போறேன். உங்க புள்ளகுட்டிங்க நல்லா இருக்கணும்."

வாஸ்து

மல்லேஸ்வரத்தில் ஒரு புது வீடு. நம் ஊரில் பேனல் தெற்கே சாய்ந்திருந்தால்தான் நாள் முழுக்க வெயில் விழும். வாஸ்துக்காரரோ கிழக்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். நான் மாட்டிய ஸ்டாண்டை வெல்டரை வைத்து அறுத்துத் திருப்பிவிட்டார் வீட்டுக்காரர். மத்தியானத்துக்கு மேல் பேனல் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அப்புறம் தண்ணீர் எப்படிச் சுடும்? என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னார்: "வாஸ்துப்படி எல்லாம் கரெக்டா இருக்கு சார். உங்க சோலார்தான் அதுக்கு ஒத்து வரலை."

மழைக்காலம்

ஜூலையில் பெங்களூர் வானம் மூடிக்கொண்டால் வாரக்கணக்கில் திறக்காது. அதற்காகத்தான் டேங்குக்குள் கரண்டில் சுட வைக்கும் காயில் ஒன்று வைத்திருக்கிறோம். ஸ்டெல்லா டீச்சர் கரண்ட் இருக்கும்போதே அதைப் போட்டுவைத்துச் சமாளித்தார். காக்ஸ் டவுனில் ஒரு ரிட்டயர்டு ஆபீசர் மட்டும் ஸ்விட்சைத் தொடவே மாட்டேன் என்று அடம் பிடித்தார். மழையில் நனைந்துபோய் நின்ற என்னிடம் அவர் கேட்டது: "கரண்ட்ல சுட வைக்கறதுன்னா, அப்புறம் எதுக்குய்யா எனக்கு சூரியன்?"

மாடி

அந்த வருஷமே டீச்சர் வீட்டுக்குத் தெற்கே, நாகராஜ் என்பவர் தன் வீட்டுக்கு மேல் இரண்டு மாடி எழுப்ப ஆரம்பித்தார், ஐ.டி. பையன்களுக்கு வாடகைக்கு விட. மார்கழியில் சூரியன் தெற்கே தாழ்ந்துவிடும். அவர் சுவரின் நிழல் டீச்சரின் பேனல்மேல் வந்து படுத்துக்கொண்டது. வெந்நீர் வேண்டிய மாதத்தில் குழாயில் பச்சைத் தண்ணீர்.

பேனலை இடம் மாற்றினேன், ஸ்டாண்டை உயர்த்தினேன், நிழல் விடவில்லை. காயிலோ போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்து எரிந்துபோயிருந்தது. புதிது போட்டேன், அதுவும் போனது. மேனேஜரிடம் போனால், "நிழலுக்கு வாரண்டி கிடையாது" என்று முடித்துவிட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. மேல் மாடியையாவது கொஞ்சம் தள்ளிக் கட்டக்கூடாதா என்று நாகராஜிடமே போய்க் கேட்டேன். கன்னடம் கலந்த தமிழில் வந்தது பதில்: "சும்னே பேசாதப்பா. வெயில் என்ன அந்தம்மா பேர்ல ரிஜிஸ்டர் ஆயிருக்கா?"

இன்ஸ்பெக்‌ஷன்

புதுக் கட்டடத்தில் சோலார் இருந்தால்தான் கரண்ட் கனெக்‌ஷன் என்று அப்போது சட்டம் வந்திருந்தது. நாகராஜ் எங்கள் கம்பெனியிலேயே ஆர்டர் கொடுத்தார். மாட்டப் போனவன், வேறு யார், நான்தான். காலையிலேயே அந்த உச்சி மாடியில் வெயில் கொட்டிக் கிடந்தது. பேனலை நிறுத்திவிட்டு, பைப்பை எங்கே இழுப்பது என்று கேட்டேன். பைப்பே வேண்டாமாம். பார்க்க வருகிறவர் கண்ணுக்குப் பேனல் தெரிந்தால் போதுமாம். இவ்வளவு அநியாயத்தை நான் பார்த்ததில்லை. வீணாகப் போகிற வெந்நீரைப் பக்கத்து வீட்டுக்காவது விடட்டுமா என்றேன். "இன்னிக்கு பைப் விட்டா, நாளைக்கு மாடியையே கேப்பாங்க" என்றார்.

இறங்கி டீச்சர் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் அண்டா இன்னும் சுடவில்லை, கட்டிலில் கணவர் காத்திருந்தார், பஸ் போய்விட்டிருந்தது. அன்று ஹெட்மிஸ்ட்ரஸ் டீச்சரை நேரில் வரச் சொல்லியிருந்தாராம். புடவையெல்லாம் கட்டித் தயாராக நின்ற டீச்சர் என்னைக் கோபிக்கக்கூட இல்லை. "அங்க போய் நான் என்ன தம்பி சொல்றது? பக்கத்து வீட்டுல மாடி ஏத்தினாங்க, அதனால லேட்டுன்னா யாராச்சும் நம்புவாங்களா?"

சூரியன் எல்லோருக்கும் பொது என்று சொல்கிறவர்கள் எவரும், பெங்களூரில் முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் சோலார் மாட்டிப் பார்த்தவர்கள் இல்லை.